தோணிப்பட்டினத்தில் மூன்று சகலைகள் வீடு வாங்கிய விதம்

சிலருக்கு அறிவு பிறக்கும்போதே கூட வரும். சிலருக்குப் படிக்கப் படிக்க வரும். துறையூர் மருதையனுக்கு அது கல்யாணமாகி, பூங்கோதை என்ற பெயரில் வீட்டுக்கு வந்தது. யோசிக்கிற வேலையை எல்லாம் அவளிடம் ஒப்படைத்துவிட்டு, தன் மூளையைக் கடையில் வாங்கின மாதிரி புதுசு குலையாமல் வைத்துக்கொண்டிருந்தான் மருதையன்.

அந்தப் பூங்கோதைக்குத் தோணிப்பட்டினத்துக் கல்லூரியில் பேராசிரியை வேலை கிடைத்தது. தோணிப்பட்டினம் லேசுப்பட்ட ஊர் அல்ல. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளைக்காரன் கட்டிப்போட்டுப் போன கோட்டை, நடுவில் நூற்றைம்பது வருஷத்துக் கல்லூரி. எந்தச் சுவரில் சாய்ந்தாலும் முதுகில் சரித்திரம் ஒட்டும், தட்டிவிட்டால் சுண்ணாம்பு. டீக்கடையில் உட்காரப் போனால்கூட, "இந்த பெஞ்சுல யார் யார் உட்கார்ந்திருக்காங்க தெரியுமா?" என்று ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் டீயை நீட்டுவார்கள். அதற்குள் அது ஆறி, அதுவும் பழம்பொருளாகிவிடும்.

பூங்கோதை கல்லூரியின் பெண்கள் விடுதியில் தங்கினாள். அங்கே மீன்தொட்டி வைத்துக்கொள்ளலாம், பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம், புருஷனை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே, எள்ளுக்காட்டை விற்ற பணத்தில் அந்த ஊரிலேயே ஒரு வீடு வாங்குவது என்று முடிவாயிற்று. துணைக்கு அவளுடைய அக்காள்மாரின் புருஷர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் அங்கமுத்து, அடுத்தவர் பிச்சைரத்தினம். அக்காள்மார் இருவரும் அவர்களைச் சந்தோஷமாக அனுப்பிவைத்தார்கள். எப்போது திரும்புவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

இந்த நேரம் பார்த்து விடைத்தாள் திருத்தப் பூங்கோதை திருச்சிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. பஸ் ஜன்னலுக்குள்ளிருந்து அவள் சொன்னாள்:

"நல்லா கேட்டுக்குங்க. கடல் பார்த்த வீடா இருக்கணும். எதையும் நாலு பேரைக் கேட்டுச் செய்யுங்க. வில்லங்கம் இருக்கான்னு பாருங்க. மறக்காம தாய்ப்பத்திரத்தைக் கேளுங்க. இதையாவது ஒழுங்கா செய்யலைன்னா நீங்க துறையூர்லயே இருந்துக்குங்க, நான் விடுதியிலயே இருந்துக்கறேன்."

மருதையனுக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் தானாகச் செய்து முடித்த காரியம் என்று எதுவும் இல்லை. கல்யாணத்தையே மாமனார்தான் செய்து முடித்தார்.

பஸ் கிளம்பியது. பூங்கோதை தலையை வெளியே நீட்டி, "நான் வர்றதுக்குள்ள முடிச்சிடாதீங்க!" என்று கத்தினாள். டிரைவர் அப்போது ஹாரனை அழுத்தினார். அது அந்த வார்த்தையின் நடுவயிற்றைக் கடித்துத் தின்றுவிட்டது. மருதையன் காதுக்கு வந்து சேர்ந்தது, "நான் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க!"

"முடிச்சிடறேன் கோதை!" என்று கையாட்டினான்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. முதலில் நாலு பேரைக் கேட்க வேண்டும் அல்லவா? டீக்கடைக்காரரிடம், "நாங்க வீடு வாங்கலாமா?" என்று கேட்டார்கள். "வாங்குங்களேன், நானா கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்?" என்றார் அவர். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "ம்" என்றார். சைக்கிளில் போன கல்லூரி நூலகர், "அமைதி" என்றார்; அவருக்கு அது வாய்ப்பழக்கம். நாலாவதாக மீன்காரம்மா, "வீடு எங்கயும் ஓடிடாது. சங்கரா மீன் கெட்டுடும், அதை வாங்கு" என்றாள். வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரி வாட்ச்மேன் தானாகவே வந்தார். "பழைய தெருவுலயா வீடு பாக்கறீங்க? அங்க ஒரு விஷயம் முக்கியமா கவனிக்கணும்—"

மூன்று பேரும் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மன்னிக்கணும் ஐயா," என்றார் அங்கமுத்து. "நாலு பேர் ஆயிட்டாங்க."

"உங்க நல்லதுக்குத்தான்யா சொல்ல வர்றேன்!" என்று வாட்ச்மேன் சைகை காட்டினார்.

"அஞ்சாவதா வந்தது உங்க நேரம். கொஞ்சம் முந்தி வந்திருந்தா மீன்காரம்மாவை விட்டுட்டு உங்களைக் கேட்டிருப்போம்."

வீட்டுத் தரகர் கஸ்பார் அவர்களைப் பழைய தெருவுக்கே கூட்டிப்போனார். தூண் வைத்த வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, மரப்படி ஏறினால் மாடி. வீட்டுக்காரர் மெய்தீன் பிச்சை மரைக்காயர், மகனோடு மலேசியாவில் போய் இருக்கப்போவதால் விற்கிறார்.

"கடல் பார்த்த வீடு," என்றார் கஸ்பார் பெருமையாக.

மருதையன் வீட்டை ஏற இறங்கப் பார்த்தான். "எப்ப பார்த்துச்சு?"

"என்னது?"

"வீடு. கடலை எப்ப பார்த்துச்சுன்னு கேக்கறேன். மாடி ஜன்னல் எல்லாம் சாத்தியில்ல கிடக்கு?"

மரைக்காயர் பதில் சொன்னார். "ஒரு புயல்ல கடலே அடுப்பங்கரை வரைக்கும் வந்துட்டுப் போச்சு தம்பி."

மூன்று பேரும் தனியாக ஒதுங்கி ஆலோசனை செய்தார்கள்.

"அப்ப கடல்தான் வீட்டைப் பார்த்திருக்கு," என்றார் பிச்சைரத்தினம். "கோதை கேட்டது கடல் பார்த்த வீடு."

"கடல் பார்த்த வீடுன்னா, கடல் எந்த வீட்டைப் பார்த்துச்சோ அந்த வீடுதானே சகல?" என்றார் அங்கமுத்து. "என்னைப் பொண்ணு பார்த்த மாமான்னு சொன்னா, மாமாதானே வந்து பார்த்தாரு?"

இந்த உதாரணம் மற்ற இருவருக்கும் புரியவில்லை. புரியாததால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது வில்லங்கம். மருதையன் முற்றத்தின் நடுவில் நின்று, "வில்லங்கம்! வில்லங்கம் ஐயா இருக்காரா?" என்று குரல் கொடுத்தான். பிச்சைரத்தினம் ஓரத்தில் கிடந்த கட்டிலுக்கு அடியில் புகுந்து பார்த்தார்.

"அப்படி ஒண்ணு இந்த வீட்டுல மூணு தலைமுறையா கிடையாது," என்றார் மரைக்காயர்.

"மூணு தலைமுறையா வீட்டுக்கே வரலையாம்," என்று அங்கமுத்து உச்சுக்கொட்டினார். "என்ன மனஸ்தாபமோ, பாவம்."

கடைசியாகத் தாய்ப்பத்திரம். இதைக் கேட்பதில் மருதையனுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டுப் பெண்களைப் பற்றி எப்படி விசாரிப்பது? ஆனாலும் கோதை சொல்லியிருக்கிறாள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டான்:

"தாய் பத்திரமா?"

மரைக்காயர் தோள்துண்டைக் கையில் எடுத்தார். "உம்மா மௌத்தாகி ஏழு வருஷம் ஆச்சு தம்பி," என்றார்.

மருதையனுக்குக் கண் கலங்கியது. அங்கமுத்து வாய்விட்டே அழுதுவிட்டார். பிச்சைரத்தினம் கட்டிலுக்கு அடியிலிருந்தே விசும்பினார். மரைக்காயரும் தோள்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இந்த வீட்டைப் பார்க்க எத்தனையோ பேர் வந்தாங்க. எல்லாரும் காகிதத்தைத்தான் கேட்டாங்க. என் உம்மாவை விசாரிச்சது நீங்கதான்," என்றவர், விலையைச் சொல்லிவிட்டு, மனசு தாளாமல் மாடிக்குப் போய்விட்டார்.

கஸ்பார் மருதையன் காதோரம் வந்தார். "இதான் சமயம். மனுஷன் இளகியிருக்காரு. ஒத்தக் கால்ல நில்லுங்க, தானா இறங்கி வருவாரு."

மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வலது காலைத் தூக்கினார்கள். முற்றத்தில் கொக்கு மாதிரி வரிசையாக நின்றார்கள்.

"நான் சொன்னது அது இல்லைய்யா!" என்று கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டார்.

"இடது காலா?" என்று மாற்றிக்கொண்டார்கள்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மரைக்காயர், இந்துக்களில் துக்கம் விசாரிக்கிற முறை இதுதான்போல என்று நினைத்து, பதறிப்போய்ப் படபடவென்று மரப்படியில் இறங்கி வந்தார்.

"பலிச்சிருச்சு சகல! இறங்கிட்டாரு!" என்றார் அங்கமுத்து.

"வேணாம் தம்பிகளா, காலைக் கீழே வையுங்க. உங்க நல்ல மனசுக்கு விலையில நானே கொஞ்சம் இறங்கறேன்," என்றார் மரைக்காயர்.

மருதையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னும் எங்கே இறங்குவீங்க ஐயா? தரைக்கே வந்துட்டீங்க. இதுக்குக் கீழே கிணறுதான் இருக்கு. வயசான காலத்துல அதெல்லாம் வேணாம். சொன்ன விலையே இருக்கட்டும்."

மரைக்காயர் மூன்று முறை வற்புறுத்தினார். மூன்று முறையும் அவர்கள் கிணற்றைக் காட்டி மறுத்தார்கள். மரைக்காயர் நல்லவர்தான், ஆனால் அசடு அல்ல. சரி என்று சொல்லிவிட்டார். கஸ்பார் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பதிவு அலுவலகத்தில் வேறு விசேஷமில்லை. "பத்திரம் சுத்தமா இருக்கு, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று எழுத்தர் சொன்னார். மருதையனும் மூடிக்கொண்டு போட்டான். முதல் கையெழுத்து மேஜையில் விழுந்தது. அடுத்தது எழுத்தரின் சட்டைக் கையில். அதன்பிறகு எழுத்தரே அவன் கையைப் பிடித்துப் பத்திரத்தில் போடவைத்தார். அன்றைக்கு முழுக்க அங்கமுத்து அந்தச் சட்டையின் பின்னாலேயே சுற்றினார். கையெழுத்துப் போட்டாகிவிட்டபடியால் சட்டையும் தங்களைச் சேர்ந்ததுதான் என்பது அவர் கட்சி.

குடியேறின அன்று பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலைகாட்டி, "இங்க உப்புக்காத்து பொல்லாதது, ஜன்னல் கம்பியை எல்லாம் தின்னுடும்" என்று எச்சரித்தார். பிச்சைரத்தினம் இரக்கமுள்ளவர். பசித்த வாய் என்றால் தாங்கமாட்டார். ஒரு தட்டில் துருப்பிடித்த ஆணிகளை வைத்து மொட்டை மாடியில் மூடி இல்லாமல் வைத்துவிட்டு வந்தார். காலையில் போய்ப் பார்த்தால் ஆணிகள் அப்படியே இருந்தன. "மெதுவா மென்னு திங்கிற ஜாதி போல" என்றார்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச ஏற்பாடாயிற்று. அன்றுதான் பூங்கோதையும் திருச்சியிலிருந்து வருகிறாள். மருதையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதன்முதலாகத் தானே ஒரு காரியத்தை முடித்திருக்கிறான். கதவைத் திறந்து, "வா கோதை, உன் வீடு" என்று சொல்ல வேண்டும். அதை நாலைந்து தடவை கதவிடம் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தான்.

முற்றத்தில் அடுப்பை வைத்து, பாலை ஏற்றி, மருதையன் குனிந்து ஊதிக்கொண்டிருந்தான். பிச்சைரத்தினம் ஏணியில் ஏறி, மாவிலைத் தோரணத்தோடு ஒரு கையை உயர்த்தியிருந்தார். அங்கமுத்து தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்த அந்த நொடியில், பழங்கட்டடங்களைக் காக்கிற குழுவின் அதிகாரி ஒருவர் உள்ளே வந்தார்.

"இது பாதுகாக்கப்பட்ட தெரு. வாங்கும்போது யாரும் சொல்லலையா?" என்று கேட்டபடியே நாலாபக்கமும் பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். "இப்ப நான் பாத்தது எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஓர் இம்மி மாறக் கூடாது. மறுபடி வந்து பாப்பேன். மாறியிருந்தா வீட்டுக்குச் சீல்தான்."

அவர் போய்விட்டார். மூன்று பேரும் அசையவில்லை. பால் மட்டும் விதி தெரியாமல் வழிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, திறந்த வாயோடு அங்கமுத்து கேட்டார். "சகல, வாயை மூடிக்கட்டா?"

"அவர் பாக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்றான் குனிந்தபடியே மருதையன்.

"கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தேன்."

"அப்ப அதுவும் பழங்கட்டடத்தைச் சேர்ந்தது. மூடாதீங்க."

"எனக்குக் கை கடுக்குது," என்றது ஏணிமேலிருந்து ஒரு குரல்.

"அந்தத் தூணு நூறு வருஷமா நிக்குதே, அது என்னைக்காவது கடுக்குதுன்னு சொல்லுச்சா?" என்றான் மருதையன்.

பிச்சைரத்தினம் தூணைப் பார்த்தார். வெட்கப்பட்டு மௌனமானார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியும் கையுமாகப் பூங்கோதை உள்ளே வந்தாள். தெருமுனையிலேயே கஸ்பார் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். ஆளுக்கு ஓர் அறை விடுகிற வேகத்தில்தான் வந்தாள். வந்தவள் முற்றத்தையும், தூண்களையும், மாடி ஜன்னல் வழியே தெரிந்த நீலத்தையும் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு, குனிந்திருந்த புருஷனைப் பார்த்து, "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

ஆறு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. மருதையனுக்கு அப்படியே நிமிர்ந்துவிட வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டான்.

"பால் தீயுது பாருங்க," என்று அவள் போய் அடுப்பை அணைத்தாள்.

"ஐயோ!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அங்கமுத்துவின் அலறல் மட்டும் கொட்டாவியாகவே வந்தது.

"அவர் பாக்கும்போது பொங்கிக்கிட்டிருந்துச்சு கோதை! இம்மி மாறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு! ஓடிப் போய் வேற பால் வாங்கிட்டு வா. வாங்கிட்டு வந்து..." மருதையன் குரல் அங்கே தயங்கியது. அவளைத் தலையோடு கால் பார்த்தான். அவனுக்கு ஒரு பயங்கரமான உண்மை உறைத்தது.

"கோதை," என்றான். "அவர் எடுத்த போட்டோவுல நீ இல்லையே."

"அதுக்கு?"

"பாலை வாசல்லயே வெச்சுட்டு, நீ வெளியில நில்லு. மறுபடி வர்றப்ப முதல்ல உன்னை ஒரு பார்வை பாத்துட்டாருன்னா போதும், அப்புறம் நீயும் பழசாயிடுவே. தைரியமா உள்ள வந்துடலாம்."