இருவாச்சி விழுங்கிய பாதிச் செய்தி

குளக்கரை மருத மரத்தில் ஓர் இருவாச்சிப் பறவை இருந்தது. அதற்குக் குரல் பெரிது. காட்டில் யார் புது மருந்து தின்றாலும், பலனை அதனிடம் வந்து சொல்வார்கள். காலையில் அது எல்லாருக்கும் கேட்கும்படி கூவும். அதைக் கேட்ட பிறகே மற்றவர்கள் மருந்தைத் தொடுவார்கள்.

நரி காய்ச்சலுக்கு ஒரு மருந்து உருண்டை செய்தது. விலை, ஒரு குவியல் அத்திப்பழம். நரிக்கு எதற்கு இவ்வளவு அத்தி? அதன் கணக்கே வேறு!

அப்போது அதன் துணையான பெண் இருவாச்சி முட்டையிடுவதற்காக, மரப்பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தது. சிறு துளை வழியே ஆண் பறவைதான் இரை ஊட்ட வேண்டும். பாவம், அலைந்து அலைந்து இளைத்துவிட்டது.

"ஏனப்பா இந்தப் பாடு? தினமும் அத்திப்பழம் நான் தருகிறேன்!" என்றது நரி. "குணமானவர்கள் பேரை மட்டும் கூவு, போதும். மற்றவர்கள் உருண்டையைச் சரியாகத் தின்றிருக்க மாட்டார்கள்!"

'பொய் சொல்லச் சொல்லவில்லையே' என்று இருவாச்சி மனதைத் தேற்றிக்கொண்டது.

மறுநாள், "முள்ளம்பன்றி எழுந்து நடக்கிறது! கீரிக்குக் காய்ச்சல் விட்டது!" என்று கூவியது. அதைக் கேட்ட மான், காய்ச்சலில் கிடந்த தன் குட்டிக்கு உருண்டையைக் கவ்விக்கொண்டு போனது.

பொந்துக்குள்ளிருந்து பெண் பறவை கேட்டது. "முயல் நேற்று இந்த மரத்தடியில் அழுதாளே! உருண்டை தின்ற குட்டி தொண்டை வீங்கிச் செத்துப்போனது என்றாளே! அதை ஏன் கூவவில்லை?"

"உனக்கு அத்திப்பழம்..."

"அந்தப் பழம் எனக்கு வேண்டாம்! நானும் குஞ்சு பொரிக்கப் போகிறவள். முதலில் கூவு!"

இருவாச்சி காடே அதிரக் கூவியது. "முயல்குட்டி செத்துவிட்டது! அணிலுக்கும் தொண்டை வீங்கியிருக்கிறது! மானே, கொடுக்காதே!"

மான் உருண்டையைத் துப்பியது.

நரி ஓடிவந்தது. "உண்ட வீட்டுக்கு இரண்டகமா?"

"பழத்துக்கு நன்றி. அதற்காக மான்குட்டியின் உயிரைத் தர முடியாது!" என்றது இருவாச்சி.

குளத்து நீரும் ஓய்வுமாக மான்குட்டி பிழைத்தது. மான் மரத்தடிக்கு வந்து கண் கலங்கியது. "உன்னால்தான் என் பிள்ளை இருக்கிறான், அண்ணா!"

"எனக்கு நன்றி வேண்டாம், அம்மா. தன் துக்கத்தை மறைக்காமல் சொன்ன முயலுக்குச் சொல்."

மான் குட்டியோடு முயலின் வளைக்குப் போய்த் தலை தாழ்த்தி நின்றது. முயல் மான்குட்டியின் நெற்றியை நக்கிக்கொடுத்தது.

கொடுத்தவருக்கு நன்றி சொல்லலாம். அந்த நன்றிக்காக உண்மையின் பாதியை விழுங்கினால், மீதிப் பாதியும் பொய்தான்.