மூலைக்கு எத்தனை கல்

அந்தச் சனிக்கிழமை என் மனையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். கொத்தனார்கள் மூவர்: மருதாசலம், தண்டபாணி, ஆறுச்சாமி. கலவை போடுபவர் கந்தவேலு. செங்கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாள்கள் இருவர்: துளசி, ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாள். ஏழாவது அம்மா. எட்டாவது நான். ஒரு நாயும் வந்து மணலில் படுத்தது. அதைச் சேர்க்கவில்லை.

அம்மா என் குரு. என்னைவிடப் பதினோரு வயது இளையவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாவு மில்லுக்கு மேலே உள்ள அறையில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் ஏழெட்டுப் பேர் போய் எதிரே உட்காருவோம். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் சும்மா இருப்பார். ஆறு வருஷத்தில் நான் இரண்டு கேள்விகள்தான் கேட்டிருந்தேன். எனக்குக் கூச்சம் அதிகம்.

மூன்றாவது கேள்வியை முந்தின நாள் கேட்டேன்.

"அம்மா, வீடு கட்டுகிறேன். நாள் கூலிக்கு மூன்று கொத்தனார்கள். மூவருக்கும் ஒரே கூலி. அதில் ஒருவர் மற்றவர்கள் கட்டுவதில் பாதிகூடக் கட்டுவதில்லை. அவருக்கு முழுக் கூலி கொடுப்பது நியாயமா?"

"பாதிகூட இல்லை என்று எப்படித் தெரியும்?"

"எண்ணினேன்."

வெல்ல மண்டியில் முப்பத்தொரு வருஷம் எடை போட்டவன் நான். எண்ணாமல் எனக்கு இருக்க வராது. தினமும் மாலையில் அவரவர் கட்டிய இடத்தைக் கேட்டு, சாக்கட்டியால் கோடு போட்டு, கல்லை எண்ணி நோட்டில் எழுதியிருந்தேன். அதை எடுத்துப் படித்தேன்.

"ஐந்து நாளில் மருதாசலம் இரண்டாயிரத்து எழுநூற்றுப் பத்து. தண்டபாணி இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து. ஆறுச்சாமி ஆயிரத்து நூற்று எண்பது."

"ஆறுச்சாமி எங்கே கட்டுகிறார்?"

"மூலையில். ஒரு மூலையில் நாலைந்து வரிக் கல் எழுப்புவார். அடுத்த மூலைக்குப் போய்விடுவார். நடுச்சுவர் பக்கம் வருவதே இல்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்த நேரத்தில் இருபது கல் வைக்கலாம்."

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"நாளைக்கு வருகிறேன். ஆறுச்சாமியை எனக்கு அரை நாள் கொடுங்கள்."

"எதற்கு அம்மா?"

"பேசிக்கொண்டிருக்க."

சனிக்கிழமை கூலி நாள். காலையிலேயே ஆறு கவர்களில் பணம் போட்டுப் பையில் வைத்திருந்தேன். ஆறுச்சாமியின் கவரில் ஆறு நாளுக்கு மூன்று நாள் கூலி. மேலே 'கணக்கு முடிந்தது' என்று எழுதியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் மயிலாத்தாளுக்குத் தெரிந்திருந்தது. கல் அடுக்கின் பக்கம் நான் தனியாக நின்றபோது வந்தாள்.

"ஐயா, அவரை நிறுத்தறதுன்னா எனக்கும் சேத்துக் கணக்கு முடிச்சிருங்க."

"யார் சொன்னது?"

"சாக்கட்டிக் கோடு சொல்லுதுங்களே. ராத்திரி கொத்துக்கரண்டியக் கழுவித் துணியில சுத்திட்டாரு. இத்தன வருசத்துல சுவரு பாதியில இருக்கறப்ப அதச் சுத்துனதே இல்லீங்க."

"நீ ஏன் போக வேண்டும்?"

"ஒரே வண்டியிலதான வர்றோம். அவருக்கு அம்பத்தெட்டுங்க. காண்ட்ராக்ட்டுக்குக் கட்டறவங்க இனிமே கூப்பிட மாட்டாங்க. வேகம் பத்தாதும்பாங்க. அவரு வீட்டுல உக்காந்திருக்க, நான் மட்டும் கல்லுச் சுமந்தா, அவருக்குச் சோறு எறங்காதுங்க."

கல்லை எண்ணுவதுபோல அடுக்கைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு அம்மா வந்தார். முருங்கை மரத்தடியில் கவிழ்ந்திருந்த சட்டியின் மேல் உட்கார்ந்து ஆறுச்சாமியைக் கூப்பிட்டார். அவர் மேற்கு மூலையைத் தொடங்கப்போன நேரம். கையைக் கழுவிக்கொண்டு போய் அம்மாவுக்கு எதிரே குந்தினார்.

சிறிது நேரத்தில் தண்டபாணி குரல் கொடுத்தார்.

"ஐயா, கெழக்குச் சுவரு முடிஞ்சுது. மேக்கால மூல எழும்பலீங்களே?"

"நடுவிலிருந்து கட்டுங்கள்."

மருதாசலம் சிரித்தார். "நூல எதுலீங்க கட்டறது? அந்தக் கடைசில ஒரு மூல, இந்தக் கடைசில ஒரு மூல. ரெண்டுக்கும் நடுவுல நூலு. நூலப் பாத்துத்தான் நாங்க கல்லு வெக்கறோம். ஒரு பக்கம் வானத்துல கட்டட்டுங்களா?"

மரத்தடியிலிருந்து அம்மா சொன்னார்:

"அவர் பிடித்துக்கொள்வார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த சுவர் இடுப்பளவு இருந்தது. அதன் மேற்குக் கடைசியில் போய் நின்றேன். மருதாசலம் நூலை என் கையில் கொடுத்து, உயரம் பார்த்து, என் சட்டையில் விரல் வைத்தார்.

"மேலிருந்து நாலாவது பித்தான். அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். இழுத்துப் புடிங்க."

பிடித்தேன். அவர்கள் கல் வைக்கத் தொடங்கினார்கள்.

பத்துக் கல் வரை எண்ணினேன். அதற்குள் விரல் மரத்தது. கையை மாற்றினேன்.

"மூல நகருது!" என்றார் தண்டபாணி.

நேராக்கினேன்.

"இப்ப மூல மூச்சு விடுது. நூலு மேலயும் கீழயும் போகுது பாரு."

மூச்சை அடக்கினேன். அது இருமலாக வந்தது.

"சுவத்துக்குச் சளி புடிச்சிருச்சு" என்றாள் துளசி, தலையில் கல்லோடு. "யாராச்சும் மூலைக்கு டீ குடுங்கப்பா."

கந்தவேலு நிஜமாகவே டீ கொண்டுவந்தார். குடிக்கக் கை இல்லை. நாய் எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. வெயில் பிடரியில் ஏறியது. ஒரு வரி முடிவதற்குள் தோளிலிருந்து விரல் வரை நடுங்கியது. அதை மறைக்க இன்னும் அழுத்திப் பிடித்தேன். இன்னும் நடுங்கியது.

அப்போது என் முழங்கைக்கு அடியில் ஒரு கை வந்து தாங்கியது. ஆறுச்சாமி.

"விடுங்க ஐயா. நான் புடிச்சுக்கறேன்."

"அம்மா பேசிக்கொண்டிருந்தார்களே?"

"அவங்க எங்கீங்க பேசறாங்க? நான்தான் இங்கியே பாத்துக்கிட்டிருந்தேன். முடியலீங்க."

நூலை வாங்கிக்கொண்டார். குனிந்து ஒரு கண்ணை மூடி அந்த வரியைப் பார்த்தார். நானும் குனிந்தேன். வரி என் பக்கம் வர வர இறங்கி, கடைசியில் ஒரு விரற்கடை பள்ளமாகியிருந்தது.

"இதைப் பிரிக்க வேண்டுமா?"

"பிரிக்கோணுமுங்க. கலவ ஈரமாத்தான் இருக்குது. கல்லக் கழுவி எடுத்துக்கலாம். ஒரு கல்லும் வீணாப் போகாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொத நாளு எனக்கும் இப்படித்தாங்க. எங்க மேஸ்திரி கரண்டிக் காம்புல ஒரு போடு போட்டாரு."

அறுபத்து நான்கு கல். பிரித்துக் கொடுத்தார்கள். மயிலாத்தாள் கழுவினாள். நான் அடுக்கினேன். ஆறுச்சாமி துணியிலிருந்து கரண்டியை எடுத்து மேற்கு மூலைக்குப் போனார். குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா எழுந்து என் பக்கம் வந்தார்.

"நீங்கள் இன்று எத்தனை கல் வைத்தீர்கள்?"

"ஒன்றும் வைக்கவில்லை."

"கை வலிக்கிறதா?"

"வலிக்கிறது அம்மா."

அம்மா மரத்தடிக்குத் திரும்பினார். மாலை வரை இருந்தார்.

ஐந்தரைக்குக் கூலி கொடுத்தேன். கடைசிக் கவரை மட்டும் பைக்குள்ளேயே பிரித்தேன். மூன்று நாள் கூலியை அதில் சேர்த்தேன். மேலே எழுதியிருந்ததை அடித்தேன். ஒருமுறை அடித்தது போதவில்லை. படிக்க முடியாதபடி மூன்று முறை அடித்தேன்.

ஆறுச்சாமி இரண்டு கையாலும் வாங்கினார். கறுப்பாக இருந்த இடத்தை ஒரு கணம் பார்த்தார். மடித்து மனைவியிடம் கொடுத்தார்.

"எண்ணிப் பாருங்கள்" என்றேன்.

"நீங்க எண்ணுனதுதானுங்களே" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

மயிலாத்தாள் கவரை இடுப்பில் செருகினாள். "திங்கக்கெழம எட்டுக்கே வந்தர்றோமுங்க. கல்ல மட்டும் ஞாயித்துக்கெழம ராத்திரியே நனைச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வேலையாட்கள் போனபின் நோட்டைத் திறந்தேன். மருதாசலம், தண்டபாணி, ஆறுச்சாமி என்று சனிக்கிழமைக்கு மூன்று பெயர்கள் எழுதி, எதிரே இடம் விட்டிருந்தேன். அன்று சாக்கட்டிக் கோடு போடவில்லை. யார் எத்தனை என்று தெரியாது. வெற்றிடமாக விட எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா, மூலை எழுப்புபவருக்கு எத்தனை கல் என்று எழுதுவது?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மிச்சம் எத்தனை என்று எழுதுங்கள். அது எல்லோருக்கும் பொது."

கல் அடுக்கிடம் போய், இன்னும் சுவரில் ஏறாத கல்லை எண்ணினேன். இருட்டுவதற்குள் இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் ஒரே எண் வந்தது. எழுதினேன்.

முந்நூற்று நாற்பத்தேழு.