எடின்பரோ தெருவில் எடுத்துக் கொடுத்த வரி

எடின்பரோ நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் டார்க்வில். அறுபது வயதுக்கு மேல் அவருக்குக் ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் பைபிள் சங்கீதங்கள் பாட ஆசை வந்தது. குரு ஈஷ்பலுக்கு முப்பது வயதுதான். வயதை விட்டுத்தள்ளுங்கள், பாட்டில் அந்தம்மா பெரிய ஆள்.

அந்தப் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. முன்பாடகர் ஒரு வரியைத் தனியாக எடுத்துக் கொடுப்பார். சபையார் அதை வாங்கி, அவரவர் இழுப்பில் பாடுவார்கள். டார்க்வில் வீட்டில் தனியாகப் பாடிப் பழகியவர். வரியைக் கொடுத்த கையோடு, பதிலையும் தானே பாடிவிடுவார்.

குருவும் சீடர்களுமாக நாலைந்து பேர் ஒரு மண்டபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிவந்தார்கள். அதற்கு வேட்டு வைக்கப் பார்த்தார் மண்டபத்தின் புதிய நிர்வாகி.

"கேலிக் மலைக்காரர்களின் மொழி. இந்த ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சம்பந்தம் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் மண்டபத்தைக் காலி செய்யுங்கள்."

டார்க்வில் குருவிடம் ஓடினார்.

"ராஜாக்கள் பேசின மொழி. இந்த ஊர்ப் பல்லக்குத் தூக்கிகள் பேசின மொழி. எல்லாம் படிச்சு வெச்சிருக்கேன். எதை முதல்ல சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். மண்டப வாசல்ல நின்னு பாடுங்க."

"நடுத்தெருவிலயா? மானம் போயிடுமே."

"போனா பார்த்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நிர்வாகி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டார்க்வில் முதல் வரியை எடுத்தார். முடித்ததும் வழக்கம்போலப் பதிலுக்கு வாயைத் திறந்தார். ஈஷ்பல் அவர் தோளை அழுத்தினாள்.

"அது உங்க பாட்டு இல்லை. பொறுங்க."

தெரு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நர்ஸ் அந்த வரியை வாங்கினாள். டாக்ஸிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சேர்ந்துகொண்டார். மாடி ஜன்னலிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. பிறகு யார் யார் என்று எண்ண முடியவில்லை. தெருவே பாடியது. டார்க்வில்லுக்குக் கண் கலங்கியது, நெஞ்சு நிமிர்ந்தது.

நிர்வாகிக்குச் சந்தேகம்.

"இவ்வளவு பேரும் எப்போது வந்தார்கள்?"

ஈஷ்பல் சொன்னாள்:

"அவங்க இங்கேயேதான் இருக்காங்க. நீங்கதான் இப்ப வந்தீங்க."