அறுபதாம் படி

பாறைக்குன்று உச்சியில் ஒரு மடம். ஏறிப்போக நூற்றிருபது படி. அங்கே இருந்த சாமி நாடி பார்த்து மருந்து கொடுப்பார். அவரிடம் சீடராகச் சேர்ந்தவர் உக்கிரபாண்டி. போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு வாங்கியவர். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். சாமியும் அவரை ஏட்டய்யா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் வேலம்மாள் தன் மகள் இசக்கியைக் கூட்டி வந்தாள்.

"ஓயாத தலைவலி சாமி. மூக்குல ரத்தம் வேற வருது. அடுத்த மாசம் கல்யாணம்."

சாமி ஏட்டய்யாவுக்குக் கண் காட்டினார். ஏட்டய்யா இசக்கியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மெதுவா ஏட்டய்யா. விலங்கா மாட்டப் போறீங்க?" என்றார் சாமி.

இசக்கி சிரித்துவிட்டாள்.

"நாடி குதிரையாட்டம் துள்ளுது," என்றார் ஏட்டய்யா. "வெறும் உடம்புச் சூடு. சோம்பலும் கொஞ்சம் இருக்கு. மேலேருந்து பார்த்தேனே, அறுபதாம் படியில மகாராணி கணக்கா உட்கார்ந்துட்டா. தலைக்கு எண்ணெய் வைக்கட்டும், தீந்துரும்."

விடைபெற்றுப் போக, சாமி காலில் விழக் குனிந்தாள் இசக்கி.

"நில்லு தாயி," என்றார் சாமி. தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார்.

வேலம்மாள் பதறிப்போனாள். "ஐயையோ! எங்க காலை நீங்க தொடலாமா? ஏழு தலைமுறைக்குப் பாவம் சாமி!"

"பாவத்தை அப்புறம் பார்ப்போம். செத்த நேரம் பேசாம இரு."

விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது. மற்றக் காலையும் தொட்டுப் பார்த்தார்.

"படியில ஏன் உட்கார்ந்தே?"

"கெண்டைக்கால் பிடிச்சுக்கும் சாமி. சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். காலு எப்பவும் சில்லுன்னு இருக்கும்."

ஏட்டய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

"வேலம்மா, இன்னைக்கே பட்டணத்துக்குப் போ. இருதய டாக்டர்கிட்ட காட்டு. கையில பார்க்கிற பிரஷரைக் காலுலயும் பார்க்கச் சொல்லு. இது என் மருந்துக்கு எட்டாது."

"முகூர்த்தம் குறிச்சாச்சே சாமி!"

"முகூர்த்தம் இன்னொண்ணு வரும். மகள் இன்னொருத்தி வருவாளா?"

அவர்கள் இறங்கிப் போனதும் ஏட்டய்யா கேட்டார். "கையில அம்புட்டு வேகம் இருந்ததே. அது எப்படி சாமி நோயாகும்?"

சாமி அவரைச் சுனை வாய்க்காலுக்குக் கூட்டிப் போனார். வாய்க்கால் நடுவே ஒரு கல்லை உருட்டி வைத்தார். மேல் பாத்தி நிறைந்து வரப்பை அரித்தது. கீழ்ப் பாத்திக்கு நூலாகத்தான் தண்ணீர் போனது.

"மேல் பாத்தியை மட்டும் பார்த்தா என்ன சொல்வீங்க?"

"செழிப்புன்னு சொல்வேன்," என்றார் ஏட்டய்யா, மெல்ல.

"நெஞ்சிலேருந்து கீழே இறங்குற பெரிய ரத்தக்குழாய் சிலருக்குப் பிறவியிலேயே ஓரிடத்துல இறுகியிருக்கும். நெஞ்சும் பாவம், மூச்சைப் பிடிச்சுத் தள்ளுது. அதான் கையில துள்ளுது, காலுல நாடியே தட்டலை. தலைக்கு எண்ணெய் வச்சா கல்லு நகருமா?"

ஏட்டய்யா முழங்காலளவு சேற்றில் இறங்கி அந்தக் கல்லைத் தானே தூக்கிப் போட்டார்.

நாலு மாதம் கழித்து, கீழே இசக்கி தெரிந்தாள். ஏட்டய்யா மேலிருந்து படியை எண்ணினார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. அவள் உட்காரவில்லை. எழுபது. பின்னால் வந்த வேலம்மாள்தான் மூச்சு வாங்கி, "அடியே, நில்லுடி!" என்று கத்தினாள்.

"குழாய்க்குள்ள வலை மாதிரி ஒண்ணை வச்சு விரிச்சு விட்டிருக்காங்க சாமி," என்றாள் இசக்கி. "தை மாசம் கல்யாணம்."

கேட்காமலே ஏட்டய்யா உட்கார்ந்தார். அவள் பாதத்தில் இரண்டு விரலை வைத்தார். கால் வெதுவெதுப்பாக இருந்தது. விரலுக்கடியில் டக், டக் என்று துடித்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு கேட்டார். "காலைப் பார்க்க உங்களுக்கு யார் சாமி கத்துக் கொடுத்தது? உங்க குருவா?"

"குரு கையைப் பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்தார். காலைக் கத்துக் கொடுத்தவன் ஒரு கல்லுடைக்கிற பையன். காலு சில்லுன்னு இருக்குன்னு அவனும் சொன்னான், நான் தொட்டுப் பார்க்கலை. 'நாடி குதிரையாட்டம் இருக்கு, போய் வேலையைப் பாரு'ன்னு அனுப்பி வச்சேன். அவன் திரும்பி வரலை. ஒவ்வொரு காலையும் தொடும்போது அவனைத்தான் ஏட்டய்யா கும்பிடுறேன்."