ஐம்பதாயிரம் அமுக்கு தாங்கிய பட்டை

நிதானமாகப் படியுங்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மிட்டாதார், சின்ன ஜமீன்தார் மாதிரி, மோட்டார் கார் வாங்கினார். ஊருக்கே அதுதான் முதல் கார். அதன் வில்பட்டைகள், அதாவது வண்டியின் கனத்தை ஏந்துகிற வளைந்த எஃகுப் பட்டைகள், மலைப்பாதையில் மாதத்துக்கு ஒன்றாக முறிந்தன. சீமையிலிருந்து வேறு வர நாலு மாதம் ஆகும். கொல்லன் வையாபுரி ஆசாரியைக் கூப்பிட்டார்.

"முறியாத பட்டை செய். மிட்டாவின் உலை இனி உனக்குத்தான்."

வையாபுரி ஒரே எஃகில், ஒரே பதத்தில் இரண்டு செய்தான். அதில் ஒன்றை ரைஸ்மில் மேஸ்திரி சவரிமுத்து எஞ்சினில் மாட்டி மூன்று நாள் அமுக்கிப் பார்த்தான். ஐம்பதாயிரம் அமுக்கு. முறியவில்லை. வையாபுரி மட்டும் அதன் முதுகைத் தடவிப் பார்த்தான். வளைவு அரை விரற்கடை இறங்கியிருந்தது.

மறுநாள் அமாவாசை. ஆசாரிகள் உலை மூட்டாத நாள். மிட்டாதார் வந்தார்.

"எது தாங்குச்சு?"

"இதுங்க" என்றான் சவரிமுத்து.

"அதையே மாட்டு. சோதிக்காததை நம்பி நான் ஏற மாட்டேன்."

"எசமான், அது உழைச்சு ஓஞ்சது. இன்னொன்னு மாட்டிக்கலாமுங்க" என்றான் வையாபுரி.

சவரிமுத்து சிரித்தான். "இரும்புக்கு ஏதுய்யா களைப்பு? என்ன ஆசாரி, பெத்த புள்ளை மேலயே சந்தேகமா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இன்னும் பேசினால் உலை கைவிட்டுப் போய்விடும் என்று வையாபுரிக்குப் பட்டது. தன் கையாலேயே பட்டையை மாட்டித் திருகுகளை முறுக்கினான்.

மிட்டாதார் ஏறினார். சவரிமுத்து ஏறினான். டிரைவர் காதர் கதவைத் திறந்து பிடித்தான். "வாங்க ஆசாரி, உங்க பட்டைதானே, முன்னால உக்காருங்க."

"உலையைப் பாக்கணும் பாய். நீங்க போய்ட்டு வாங்க."

நாலாவது வளைவில் பட்டை முறிந்து கார் சரிந்தது. மிட்டாதாரும் சவரிமுத்துவும் சிராய்ப்போடு தப்பினார்கள். வண்டிக்கடியில் மாட்டிய காதரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

மட்டமான பட்டை செய்தவன் என்று மிட்டாதார் வையாபுரியை ஊரைவிட்டே விரட்டினார். வேறு வழியில்லாமல் அவன் செய்த இரண்டாவது பட்டையை மாட்டினார்கள். அது ஆறு வருஷம் ஓடியது. "பாவம் ஆசாரி, வீண்பழி" என்றது ஊர்.

காதரின் காலுக்குப் பொறுப்பு யார்? கட்டளையிட்ட மிட்டாதாரா, கேலி செய்த சவரிமுத்தா, செய்து மாட்டிய வையாபுரியா?

விடை: வையாபுரி. பட்டை முறியும் என்று மற்ற இருவரும் நம்பவில்லை, அதனால்தான் ஏறினார்கள். அமாவாசையன்று பார்க்க ஏது உலை? எசமானிடம் ஒரு தடவை சொன்ன வாய், காதரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டையில் குறையில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை, ஆனால் ஆள் சரியான ஆள்தான். காதருக்கு இது கடைசிவரை தெரியாது. கட்டையை ஊன்றிக்கொண்டு அவனும் "பாவம் ஆசாரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.