இழையில் விழுந்த இரண்டு முடிச்சு

ஒரு காட்டில் இரண்டு குளங்கள் இருந்தன. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. நடுவே ஒரு மண்கரை. கோடையில் பள்ளத்துக் குளம் வற்றினால், காட்டில் வாழ்பவர்கள் கரையில் துளை போட்டு மேட்டுத் தண்ணீரை இறக்குவார்கள்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அதைச் சொன்னது இழையாள் என்ற சிலந்தியின் வலை. அது பூச்சி பிடிக்கும் வலை இல்லை, கணக்குப் போடும் வலை. தெரிந்த அளவுக்கெல்லாம் ஒவ்வோர் இழையை இழுத்துக் கட்ட வேண்டும். தெரியாத அளவுக்கு ஓர் இழையைச் சும்மா தொங்கவிட வேண்டும். வலையைச் சுண்டினால் தொங்கும் இழையில் முடிச்சு விழும். உச்சியிலிருந்து முடிச்சு வரை உள்ள நீளம்தான் விடை.

சில கணக்குக்கு இரண்டு முடிச்சு விழும். கணக்குப்படி இரண்டும் சரிதான். ஆனால் மேல் முடிச்சைத்தான் கரை தாங்கும். கீழ் முடிச்சின் அளவுக்குத் தோண்டினால் கரையே போய்விடும். இழையாள் எப்போதும் மேலிருந்து பார்ப்பவள். மேல் முடிச்சு கண்ணில் பட்டதும் அதோடு நிறுத்திக்கொள்வாள். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

அந்தக் கோடையில் அவள் முட்டைப்பை வைத்திருந்தாள். அதைவிட்டு நகர மனமில்லாமல், வலையைக் கட்டெறும்புகளிடம் ஒப்படைத்தாள். எறும்புகள் சொன்னதைச் சொன்னபடி செய்யும். சொல்லாததைத் தாங்களாக ஊகிக்காது. அவற்றுக்காகத் தேக்கிலையில் இப்படிக் கீறி வைத்தாள்: ‘இழையைக் கட்டு. வலையைச் சுண்டு. முடிச்சின் அளவுக்குத் துளை போடு.’

பள்ளத்துக் குளத்தோரம், வெறும் கூழாங்கல் தரையில் முட்டையிட்டிருந்தாள் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி. அவள் இனத்துக்கு மரத்தில் கூடு கட்டும் வழக்கமில்லை. வலையில் இரண்டு முடிச்சு விழுவதை முன்பே பார்த்திருந்த அவள், அந்த இலையைப் படித்தாள்.

நேராக வலையடிக்குப் போனாள். “அக்கா, ரெண்டு முடிச்சு விழுந்தா எதை எடுக்கணும்னு இதுல இல்லையே?”

“அதெல்லாம் எழுதிக்கிட்டு இருக்க முடியுமா? பாத்தாலே தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். எறும்புக்கு?”

“இவ்வளவு அழகான வலையைப் பின்னினவ நான். இதைக்கூடப் புரிஞ்சுக்கத் தெரியாதவங்க இதைத் தொடவே வேண்டாம்.”

“என் முட்டையெல்லாம் தரையில கிடக்குதுக்கா. ஒரே ஒரு வரி சேத்து எழுதுங்க.”

“நீ கத்தாம போ. உன் சாதிக்கே கத்துறதுதான் வேலை.”

செம்மூக்கி தன் முட்டைகளிடம் திரும்பிப் போனாள். அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் எறும்புகள் வலையைச் சுண்டின. இரண்டு முடிச்சு விழுந்தது. எறும்புகள் தரையிலிருந்து ஏறுபவை. முதலில் எதிர்ப்பட்டது கீழ் முடிச்சு. அதையே அளந்தன, அந்த அளவுக்குத் தோண்டின. கரை பொத்துக்கொண்டது. தண்ணீர் ஒரே பாய்ச்சலாக இறங்கியது. செம்மூக்கி சிறகை விரித்து முட்டைகளை மூடிப் பார்த்தாள். தண்ணீர் அவளையே புரட்டிப் போட்டது. அவள் எழுந்து பார்த்தபோது கூழாங்கற்கள் மட்டும் இருந்தன.

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபம் பற்றி எரிந்தது. அந்த ஈரச் சிறகோடு வலையடியில் போய் நின்றாள்.

“இழையாளே, வெளியே வா!”

இழையாள் எட்டிப் பார்த்தாள். “எறும்புங்க முட்டாளுங்க. நான் என்ன பண்ணுவேன்?”

கட்டெறும்புத் தலைவி இலையைக் கொண்டுவந்து போட்டாள். “முடிச்சின் அளவுக்குன்னு எழுதியிருக்கு. முடிச்சின் அளவுக்குத்தான் தோண்டினோம். எந்த முடிச்சுன்னு எங்க எழுதியிருக்கு?”

இழையாள் பதில் சொல்வதற்குள் வலை கட்டியிருந்த மரம் ஆடியது. ஓடிய வெள்ளம் வேர் மண்ணை அரித்துவிட்டிருந்தது. முட்டைப்பை தொங்கிய கிளை சரிந்தது. அந்தப் பையைத் தனியாகத் தூக்க அவளால் முடியாது.

“எறும்புங்களா, பையைத் தூக்கிட்டுப் போங்க!” என்றாள். எறும்புகள் அப்படியே பையைக் கவ்வின. இழையாள் பையின் அருகே ஓடினாள்.

“நில்லுங்க, நில்லுங்க! கடிக்காம முதுகுல தாங்கித் தூக்கணும், கடிச்சா பை கிழிஞ்சிடும். பக்கத்து மரத்துக்குக் கொண்டு போங்க. அங்க ரெண்டு பொந்து இருக்கும். மேல் பொந்துல வைங்க. கீழ் பொந்து வேண்டாம், அதுல ஓணான் இருக்கு. நீங்க கீழேயிருந்து ஏறுவீங்க, முதல்ல அதுதான் கண்ணுல படும். அதைத் தாண்டிப் போங்க!”

எறும்புகள் சொன்னபடியே செய்தன. பை மேல் பொந்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இழையாள் பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். செம்மூக்கி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஆக, எறும்பு எந்தப் பக்கமிருந்து ஏறும்னு உனக்குத் தெரியும். எதைத் தாண்டிப் போகணும்னு சொல்லவும் தெரியும். உன் முட்டைன்னதும் எல்லாம் வாயில வந்துடுச்சு.”

இழையாள் தலைகுனிந்தாள். அன்றே புது இலை எடுத்து, எந்த முடிச்சு, ஏன் அந்த முடிச்சு என்று விளக்கமாக எழுதினாள். செம்மூக்கி அதைப் பார்க்கக்கூட நிற்காமல் பறந்து போனாள்.

தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து அரைகுறையாகச் சொல்லிக் கொடுப்பவரே, அதனால் வரும் அழிவுக்கும் பொறுப்பு.