மூன்றாம் ஆறு

பிள்ளைகளே, கேளுங்கள், பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர்களே, நீங்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள். கடலோரத்து உப்பைப் பொதிமாடுகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுபோன காலத்தில், அந்துவன் என்றொரு வணிகன் இருந்தான். மாடு ஓட்ட ஊர் ஊராய் இளவட்டங்களைச் சேர்த்துக்கொள்வான். அத்தனை பேரையும் உயிரோடு வீடு சேர்ப்பது அவன் பொறுப்பு.

அந்த ஆண்டு வந்தவர்களில் பிட்டன் பெரிய தலைவலி. வழியெல்லாம் சும்மா இருப்பான். ஆற்றங்கரை வந்தால் போதும், பேயாட்டம் ஆடுவான்.

முதல் ஆற்றங்கரையில் உப்புப் பொதிகளை அவிழ்த்துத் தள்ளினான். "யார்டா இது?" என்றான் அந்துவன். எல்லா விரலும் பிட்டனைக் காட்டின. சாட்டையடி விழுந்தது.

இரண்டாம் ஆற்றங்கரையில் கூட வந்த கீரனின் மூக்கை உடைத்தான். "யார்டா இது?" மறுபடியும் அதே விரல்கள். அன்று பிட்டனுக்குச் சோறு இல்லை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி அவன் அக்கரை சேர்ந்ததை அந்துவன் பார்க்கவே இல்லை. கோபம் அவன் கண்ணை மறைத்திருந்தது.

மூன்றாம் ஆற்றில் வெள்ளம் மார்பளவு ஓடியது. பிட்டன் மாடுகளை வந்த வழியே விரட்டிவிட்டான்; மற்றவர்கள் ஓடிப்போய் மடக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை அந்துவன் யாரென்று கேட்கக்கூட இல்லை. இவனை விட்டுவைத்தால் கூட்டமே கெட்டுவிடும் என்று, அவன் கையை முன்மாட்டின் கயிற்றில் கட்டி, முதல் ஆளாய் ஆற்றில் இறக்கினான்.

"ஐயா, இன்னும் நாலு அடி வேணும்னாலும் அடிங்க. நான் கடைசியா வர்றேன்" என்று பிட்டன் கெஞ்சினான்.

இப்போதாவது பயம் வந்ததே என்று அந்துவன் மகிழ்ந்தான். அடப் பாவி மனிதா!

நடு ஆற்றில் பிட்டன் கை கால் உதறினான். மாடு மிரண்டது. சுழல் மாட்டையும் பிட்டனையும் இழுத்துக்கொண்டு போனது.

கரையில் கீரன் தேம்பினான். "அவனும் நானும் ஒரே ஊருய்யா. அவன் அண்ணனை அவன் கண்ணு முன்னாலயே ஆறு கொண்டுபோச்சு. தண்ணியப் பாத்தா நடுங்குவான். பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்கன்னுதான் சண்டை போட்டான்."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"யாருன்னுதான் கேட்டீங்க. ஏன்னு நீங்க கேக்கவே இல்லையேய்யா."

அடுத்த ஆற்றங்கரையில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. சொன்னவுடன் வரிசையாய் நின்று தண்ணீரில் இறங்கினார்கள். இப்படி அடங்கிய கூட்டத்துக்குத்தான் அந்துவன் ஆசைப்பட்டான். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

முரண்டு பிடிக்கும் பிள்ளையைத் தண்டிக்கும் முன், அவன் எதற்காக முரண்டு பிடிக்கிறான் என்று கேட்டறிய வேண்டும்.